ஒற்றை வேகனுக்கு இடமில்லாத பாதை

ரயில் வரலாறு எழுதுகிறவர்கள், தண்டவாளம் எந்த ஆண்டு எந்த ஊருக்கு வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட சீமைக்கு அந்தக் கணக்கு பாதிதான். வேகன் யாருடையது, அதை யாருக்கு, என்ன வாடகையில், எத்தனை எண்ணிக்கையில் விடுவார்கள் என்ற விதிகள்தான் இங்குள்ள சிறு வியாபாரியை ரயிலோடு சேர்த்தன, பிறகு பிரித்தன.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட மீட்டர் கேஜ் பாதையில் 1876-ல் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வழியாக ரயில் ஓடியது. மானாமதுரைக்கு 1902-ல் ரயில் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த கரிசல் காட்டுக்கு மாட்டு வண்டிதான் கதி. பருத்தியும் வத்தலும் கொத்தமல்லியும் மூட்டையாகி, அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வண்டியில் போய் விருதுபட்டியில் ரயிலேற வேண்டும். அந்த வண்டிப் போக்குவரத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. வண்டியும் மாடும் சரக்கும் இரவு பத்திரமாகத் தங்க நாடார் வியாபாரிகள் பேட்டைகள் கட்டினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். பத்து மூட்டைக்காரரும் நூறு மூட்டைக்காரரும் சரக்குக்குத் தக்கபடி கொடுத்தார்கள். சின்ன வியாபாரி என்பதால் வாசல் அடைபடவில்லை.

விருதுநகர்–மானாமதுரை பாதை 1963–64-ல் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகத் திறக்கப்பட்டபோது, ஏறக்குறைய அதே வசதி ரயிலிலும் கிடைத்தது. ஸ்டேஷனில் இண்டென்ட் (வேகன் கேட்கும் விண்ணப்பம்) போட்டு ஒரே ஒரு வேகன் கேட்கலாம். நான்கு சக்கரம் வைத்த, கூரை போட்ட சிறிய இரும்புப் பெட்டி. சரக்கை ஏற்றிக் கதவைச் சாத்தி, கொண்டியில் கம்பி கோத்து சீல் வைத்து, போகுமிடம் எழுதிய அட்டையைப் பக்கவாட்டில் செருகிவிட்டால் அது கிளம்பிவிடும். இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1980-களில் ரயில்வே, ஒற்றை வேகன் சரக்கை ஒதுக்கிவிட்டு முழு ரேக்குக்கு, அதாவது வேகன்கள் கோத்த முழு ரயிலுக்கு, மாறியது. மூடிய வேகன் நாற்பது சேர்ந்த அகலப்பாதை ரேக் என்றால் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். 170 கிலோ பருத்திப் பொதியில் எடைக்கணக்குப் பார்த்தால் 11,000 பொதிகளுக்கும் அதிகம். எந்தச் சிறு கமிஷன் கடைக்காரர் இதை நிரப்புவார்? அதன் பிறகு, 1992-ல், சொந்த வேகன் திட்டம் வந்தது: தனியார் நிறுவனம் வேகன் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடலாம், வேகன் கிடைப்பதற்கு உத்தரவாதம் உண்டு. 2008-ல் குத்தகைக் கம்பெனிகளுக்கென்றே தனித் திட்டம் வந்தது. இரண்டும் ரேக் ரேக்காகச் சரக்கு வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை.

குத்தகை என்றாலே பெரியவர்களுக்கானது என்று விதியில்லை. அமெரிக்காவில் மூடிய வேகன்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1970 முதல், வேகன் சொந்தக்காரருக்குத் தினவாடகையோடு ஊக்கத்தொகையும் கிடைக்கும்படி விதி செய்தார்கள். அந்த வாடகையை நம்பி முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் ஐம்பதடிப் பெட்டிகளை வாங்கி, சிறு ரயில்வேக்களின் பெயரில் ஓடவிட்டார்கள். தெற்குக் கரோலினாவில் சுமார் 15 கிலோமீட்டர் மட்டுமே பாதை கொண்ட பிக்கன்ஸ் ரயில்வேயின் பெயர் அப்படித்தான் நாடு முழுக்கச் சுற்றியது.

அது வரிச்சலுகையால் ஊதிய குமிழி, 1980-ஐ ஒட்டிய மந்தத்தில் உடைந்தது என்பார்கள். உண்மைதான், ஓட வேலையில்லாத பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஆனால் அவற்றில் பல வேறு ரயில்வேக்களுக்குக் கைமாறிப் பல ஆண்டுகள் உழைத்தன. இன்னொரு ஆட்சேபம் கனமானது: அருப்புக்கோட்டைச் சரக்கை எடுத்துக்கொண்டது லாரிதானே, வேகன் விதியை ஏன் குறை சொல்ல வேண்டும்? லாரி ஏன் ஜெயித்தது என்று பாருங்கள். ஒரு வியாபாரி ஒரு லாரியை ஒரு நடைக்கு வாடகைக்குப் பிடிக்கலாம். ரயில் கைவிட்ட ஒற்றை வண்டி வாடகையைத்தான் லாரிக்காரர் பிடித்துக்கொண்டார். மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்குச் சரக்கை மாற்றி ஏற்றும் தொல்லையும் ரயிலைத் தளர்த்தியது, மறுக்கவில்லை. அந்தத் தொல்லை தீர இந்தப் பாதை 2013-ல் அகலப் பாதையானது. அதற்குள் ஒற்றை வேகன் கேட்கும் பழக்கமே போய்விட்டது.

போன வேகனின் நினைவையாவது காப்பாற்றுகிறார்கள் என்பதால் மாதிரி ரயில் செய்பவர்களை மதிக்கிறேன். பிக்கன்ஸ் பெட்டியை 87-ல் ஒரு பங்காக, பதினேழரை சென்டிமீட்டர் நீளத்தில், எழுத்தும் நிறமும் பிசகாமல் இன்றும் செய்கிறார்கள். அதே அளவில் நம் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட தண்டவாளம் பொருந்தும். திருச்சுழி கூட்ஸ் வேகனை அதில் நிறுத்த வேண்டுமானால் அதன் அளவும் நிறமும் எழுத்தும் தெரிய வேண்டும். இந்தப் பாதையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கார்டுகளும் கூட்ஸ் கிளார்க்குகளும் நினைவில் இருப்பதை இப்போதே எழுதித்தர வேண்டும். பழைய புகைப்படமோ ரசீதோ வீட்டில் கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.