மச்சு பிச்சு: வழிகாட்டியோரும் வரலாறும்

பண்டைய அழிபாடுகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் வழிகாட்டி ஒருவரின் சொற்களினூடாகவே அவற்றைக் காண்கின்றனர். எங்கு நின்று நோக்குவது, எதன் முன் நின்று கதை கேட்பது, எதனைப் பாராது கடந்து செல்வது என்பனவெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஆதலால் ஓர் அழிபாட்டின் வரலாற்றை ஆராயுமிடத்து, அதனைக் கட்டியோரின் வரலாற்றோடு அதற்கு வழிகாட்டியோரின் வரலாற்றையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அந்தீசு மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ள மச்சு பிச்சு இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

இன்று அங்கு செல்லும் பயணிகளின் பாதை பெரிதும் ஒரே தன்மையதே. இன்கா அரசின் தலைநகராயிருந்த குஸ்கோ நகரிலிருந்து புறப்பட்டு, உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே செல்லும் புகையிரதத்தில் மலையடிவாரச் சிற்றூரை அடைகின்றனர். அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் வீதியில் பேருந்து செல்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்தில், இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட முகட்டில் கற்கட்டிடங்கள் தோன்றுகின்றன. கெச்சுவா மொழியில் மச்சு பிச்சு என்பது முதிய சிகரம் என்றும், எதிரேயுள்ள வைனா பிச்சு என்பது இளைய சிகரம் என்றும் பொருள்படும். பயணிகளை மேலே கொண்டுசேர்க்கும் அவ்வீதி 1948ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் ஹிரம் பிங்காம் என்னும் அமெரிக்கருடையது. இவ்விடத்தின் கதை யாருடைய கதையாகச் சொல்லப்பட்டு வந்தது என்பதனை அப்பெயரே உணர்த்திவிடுகின்றது.

மச்சு பிச்சுவைக் கட்டியோர் இன்காக்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பச்சகூத்தி என்னும் மன்னனின் காலத்தில் குஸ்கோவைச் சூழ்ந்திருந்த சிற்றரசு பேரரசாக வளர்ந்தது. நான்கு திசைப் பகுதிகளும் இணைந்தது என்னும் பொருளில் தவாந்தின்சூயு என்று அவர்கள் அதனை அழைத்தனர். எழுத்து முறை எதனையும் இன்காக்கள் கைக்கொண்டிருக்கவில்லை; கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளைக் கொண்டே குடித்தொகையையும் களஞ்சிய இருப்பையும் கணக்கிட்டனர். நாணயமும் வழங்கவில்லை, வரி உழைப்பாகவே பெறப்பட்டது. மித்தா எனப்பட்ட இம்முறையின்படி ஒவ்வொரு குடியும் முறைவைத்து அரசுக்கு வேலை செய்தல் வேண்டும். இருப்புப் பாதையோ சக்கர வண்டியோ இன்றி மலைகளையும் பாலைகளையும் இணைத்த 30,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வீதிகள் இவ்வுழைப்பினாலேயே அமைந்தன. இவ்வீதித் தொகுதி 2014ஆம் ஆண்டு ஆறு நாடுகளுக்குப் பொதுவான உலக மரபுரிமையாக யுனெஸ்கோவினால் அறிவிக்கப்பட்டது.

மச்சு பிச்சு அரச குடும்பம் குளிர்கால மாதங்களிற் சென்று தங்கிய மாளிகைத் தோட்டம் என்பதே அறிஞர் பலரின் இன்றைய முடிபு. பிச்சு நிலங்கள் பச்சகூத்திக்கு உரியனவாயிருந்தமையைக் குறிக்கும் 1568ஆம் ஆண்டு ஆவணமொன்றை ஜோன் ரோ என்னும் அறிஞர் எடுத்துக்காட்டியதன் பின்னரே இம்முடிபு வலுப்பெற்றது. அங்கு கிடைத்த எலும்புகளைக் கொண்டு செய்யப்பட்ட காலக்கணிப்பொன்று 2021இல் வெளியாயிற்று. அதன்படி ஏறக்குறைய 1420 முதல் 1530 வரை அங்கு மக்கள் வாழ்ந்துள்ளனர். எனவே அம்மலையுச்சியின் முழு வாழ்வும் ஒரு நூற்றாண்டளவில் அடங்கிவிடுகின்றது.

இக்கட்டிடங்களின் அழகைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் அங்கு நிகழ்ந்த வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாதது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்யும் செங்குத்துச் சரிவில் ஒரு குடியிருப்பு நிலைபெற வேண்டுமாயின் முதலில் நீர் வடிய வழி வேண்டும். ஒவ்வொரு படிநிலத்தின் அடியிலும் பெருங்கற்கள், அவற்றின்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேலாக வளமண் என அடுக்கடுக்காக நிரப்பப்பட்டுள்ளன. மலையூற்றொன்றின் நீரை 749 மீற்றர் நீளமான கால்வாய் கொண்டுவந்து பதினாறு நீர்த்துறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வழங்குகின்றது. நீரியற் பொறியியலாளரான கென்னத் ரைற் மொத்தக் கட்டுமான உழைப்பில் அறுபது வீதம் நிலத்துக்கு அடியில் உள்ளதென மதிப்பிட்டுள்ளார். பயணி வியக்கும் சுவர்கள் ஐந்து நூற்றாண்டுகளாகச் சரியாது நிற்பது அவன் காணாத இவ்வுழைப்பினாலேயே.

இவ்வுழைப்பைத் தந்தோர் யாவர்? மன்னனின் பெயர் எஞ்சியது; அவர்களின் பெயர்கள் எஞ்சவில்லை. ஆனால் அங்கு வாழ்ந்து பணிபுரிந்தோரின் எலும்புகள் எஞ்சியுள்ளன. 2023ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று மச்சு பிச்சுவில் அடக்கஞ் செய்யப்பட்ட 34 பேரை ஆராய்ந்தது. அவர்கள் பேரரசின் பல்வேறு பகுதிகளிலிருந்தும், சிலர் அமேசன் காட்டுப் பகுதியிலிருந்தும் வந்தோர் என்றும், பெரும்பாலும் ஒருவருக்கொருவர் இரத்த உறவற்றவர் என்றும் அது காட்டிற்று. தத்தம் ஊரையும் உறவையும் விட்டுக் கொண்டுவரப்பட்ட பணியாளர்களே அரசனின் மாளிகையைப் பேணினர் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

1532இல் ஸ்பானியர் காஹமார்க்காவில் அதவால்பா மன்னனைச் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவனைக் கொன்றனர். 1536இல் மாங்கோ இன்கா கிளர்ந்தெழுந்தான். பின்னர் வில்கபாம்பா மலைக்காட்டுக்குப் பின்வாங்கி அங்கோர் எதிர்ப்பரசை நிறுவினான். 1572இல் தூபக் அமாரு குஸ்கோ நகரச் சதுக்கத்தில் தலை துணிக்கப்பட்டதோடு அவ்வரசும் முடிவுற்றது. பேரரசு குலைந்தபோது அரசனின் மலைமாளிகையைப் பேணுதற்கான உழைப்பும் நின்றுபோக, காடு அதனை மூடியது. ஆயினும் அவ்விடம் மறக்கப்படவில்லை. பிரெஞ்சுப் பயணியான சார்ல்ஸ் வீனர் 1880இல் வெளியிட்ட நூலில் அச்சிகரத்தின் பெயர் காணப்படுகின்றது. அங்கு அழிபாடுகள் உண்டென்று உள்ளூரார் அவருக்குச் சொல்லியிருந்தனர். அவர் அங்கு சென்றடையவில்லை.

1895ஆம் ஆண்டளவில் உருபாம்பா ஆற்றோரமாகப் பாறைகளை உடைத்துப் புதிய கோவேறு கழுதைப் பாதையொன்று வெட்டப்பட்டது. ஒதுங்கிக் கிடந்த அம்மலைகளுக்கு வெளியார் இலகுவாகச் செல்ல வழிசெய்தது அப்பாதையே. யேல் பல்கலைக்கழகத்திற் தென்னமெரிக்க வரலாற்றைக் கற்பித்துவந்த ஹிரம் பிங்காம் 1911இல் அதன் வழியே சென்றார். குஸ்கோ பல்கலைக்கழகத் தலைவராயிருந்த அல்பேட் கீசெக்கே அப்பகுதி அழிபாடுகளைப் பற்றி அவருக்கு முன்னரே தெரிவித்திருந்தார். மாந்தோர் பம்பா என்னுமிடத்திற் குடியிருந்த மெல்ச்சோர் ஆர்த்தியாகா என்னும் குடியானவர், ஒரு சோல் நாணயம் கூலியாகப் பெற்று, யூலை 24ஆந் திகதி அவரை மேலே அழைத்துச் சென்றார். மழை தூறிய அக்காலையில் பிங்காமின் சக ஆய்வாளர் எவரும் உடன்செல்ல விரும்பவில்லை. காவற்பணிக்கு வந்த கராஸ்கோ என்னும் படைவீரர் மட்டுமே சென்றார். முகட்டை அண்மியபோது அங்கு ஒரு குடிசை இருந்தது. ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் என்னும் இரு குடும்பங்கள் பண்டைய படிநிலங்களைத் திருத்திப் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. அவர்கள் வந்தோருக்குக் குளிர்ந்த நீரும் அவித்த வற்றாளங் கிழங்கும் கொடுத்தனர். பின்னர் ஒரு சிறுவன் பிங்காமைக் கட்டிடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டினான்.

ஆகவே கண்டுபிடிப்பு எனப் போற்றப்படும் நிகழ்ச்சி, உண்மையில் வழிகாட்டியோடு கூடிய ஒரு சுற்றுலாவே. அச்சுற்றுலாவிற் பிங்காம் ஒரு சுவரிற் கரியால் எழுதப்பட்ட பெயரொன்றையும் கண்டார். அகுஸ்தீன் லிசாராகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் அங்கு இருந்தன. அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த லிசாராகாவே மச்சு பிச்சுவைக் கண்டவர் என்று அவர் தமது குறிப்பேட்டிற் பதிந்துகொண்டார். ஆனால் 1948இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற அவரது நூலில் அப்பெயர் இடம்பெறவில்லை. லிசாராகா 1912இலேயே ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டதால் மறுத்துரைப்பாரும் இல்லாது போயினர்.

பிங்காமின் பணியை முற்றாகக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. அளவெடுத்து, படமெடுத்து, 1912இலும் 1914-15இலும் மீண்டும் வந்து, அவ்விடத்தை உலகின் ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவர் அவரே. 1913 ஏப்பிரிலில் ஓர் அமெரிக்க புவியியற் சஞ்சிகை தன் இதழ் முழுவதையும் அவரது ஆய்வுக்கு ஒதுக்கிற்று. எனினும், நிலத்தை அறிந்த மக்களின் அறிவைக் கூலிக்குப் பெற்றுக்கொண்டு, அதனை அறிவென்று ஏற்க மறுத்தமை அவரது விளக்கங்களையும் பாதித்தது. மச்சு பிச்சுவே இன்காக்களின் இறுதிப் புகலிடமான வில்கபாம்பா என்று அவர் வாதிட்டார். அவ்விடம் காட்டினுள் இருந்த எஸ்பிரித்து பம்பா என்பது பிற்கால ஆய்வுகளால் நிறுவப்பட்டது. 1911இல் அங்கும் சென்றிருந்த பிங்காம் அதன் பெறுமதியை உணரவில்லை. கிடைத்த எலும்புகளிற் பெரும்பாலானவை பெண்களுடையவை என்ற முடிபிலிருந்து சூரியக் கன்னியர் வாழ்ந்த மடம் என்னும் கதை பிறந்தது. ஜோன் வெரானோ அவ்வெலும்புகளை மீள ஆராய்ந்து, ஆண் பெண் தொகை ஏறத்தாழச் சமமெனக் காட்டினார்.

அகழ்ந்தெடுத்த பொருள்களும் இவ்வாறே பிறர் வசமாயின. அவை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதே குஸ்கோவின் கற்றோரிடையே எதிர்ப்பு எழுந்தது. நீண்ட பிணக்கின் பின் 2010இல் உடன்பாடு காணப்பட்டு, 2011, 2012ஆம் ஆண்டுகளில் அப்பொருள்கள் குஸ்கோவுக்கு மீண்டன. ஒரு நூற்றாண்டுக் காலம் குஸ்கோ மாணவன் தன் மண்ணின் சான்றுகளைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டியிருந்தது என்பது சிந்தித்தற்குரியது.

இதற்கிடையில் வேறொரு நோக்கும் உருவாகி வந்தது. கெச்சுவா மொழி பேசும் குடியானவர் குடும்பத்திற் பிறந்த மார்ட்டீன் சாம்பி 1920களில் அவ்வழிபாடுகளைத் தம் கமராவிற் பதிவு செய்தார். 1943இல் அங்கு சென்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா, மச்சு பிச்சுவின் சிகரங்களைப் பற்றிய நெடுங்கவிதையில் அரசர்களை விடுத்து அக்கற்களைச் சுமந்த மனிதரை நோக்கித் தம் வினாவைத் திருப்பினார். தொல்பொருளியல் பல பத்தாண்டுகளின் பின்னர் எலும்புகளிடம் கேட்ட வினாவும் அதுவேயாகும்.

1983இல் மச்சு பிச்சு உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிற் பயணிகள் பெருகப் பெருக இடர்களும் பெருகின. 2000ஆம் ஆண்டு விளம்பரப் படப்பிடிப்பொன்றின்போது பாரந்தூக்கி மோதி, இந்திவத்தானா எனப்படும் புனிதக் கல்லின் விளிம்பு உடைந்தது. 2010 சனவரியில் வெள்ளத்தால் புகையிரதப் பாதை துண்டிக்கப்பட, ஆயிரக்கணக்கான பயணிகள் மலையடிவாரத்திற் சிக்குண்டனர். 2017 முதல் நேரம் ஒதுக்கப்பட்ட நுழைவும் அனுமதி பெற்ற வழிகாட்டியும் கட்டாயமாக்கப்பட்டன. பண்டைய இன்காப் பாதையால் நான்கு நாட்கள் நடந்து செல்வோர் 4,200 மீற்றர் உயரக் கணவாயைக் கடக்க வேண்டும். அவர்களது கூடாரத்தையும் உணவையும் கெச்சுவாக் கிராமத்துச் சுமையாட்களே முதுகிற் சுமக்கின்றனர். ஒருவர் சுமக்கக்கூடிய பாரத்தை 20 கிலோகிராமாக வரையறுத்த சட்டம் 2001ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பயணியின் இன்பத்திற்காக இன்னொருவன் சுமக்கும் பாரத்துக்கு எல்லை வகுக்க அத்துணைக் காலம் சென்றது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. மித்தா உழைப்பாளி, ஊர் பெயர்ந்து வந்த பணியாளன், ஒரு சோல் பெற்ற ஆர்த்தியாகா, பெயரின்றிப் போன சிறுவன், இன்றைய சுமையாள் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் நிற்போர். மலையைப் பிறர் அடைவதற்கு வழிசெய்தோர் அவர்களே. ஆனால் மலையின் வரலாற்றில் இடம்பெறாதோரும் அவர்களே. பேரரசுகள் மாறின, ஆய்வாளர் வந்து சென்றனர். இவ்வொழுங்கு மட்டும் எளிதில் மாறவில்லை. ஓர் அழிபாட்டைக் காட்டுவோர், அதனை யார் கட்டினர் என்பதோடு, அதற்குச் செல்லும் வழியை யார் அறிந்திருந்தனர் என்பதையும் சொல்லத் தொடங்கும்போதே பண்பாட்டுச் சுற்றுலா வரலாற்றுக் கல்வியாக மாறும். சுவரிலிருந்த கரியெழுத்து அழிந்தொழிந்தது. அப்பெயரை மீண்டும் எழுதவேண்டிய கடமை வரலாற்று மாணவனைச் சார்ந்தது.