போனவர்கள் உண்டாக்கிய ஊர்

சித்திரை பிறக்கிற வாரத்தில் பாங்காக்கின் மோ சித் பேருந்து நிலையத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் கூட்டமாக எல்லோரும் சொல்வது ஒரே சொல்: 'கிளாப் பான்'. 'பான்' என்றால் தாய்லாந்து மொழியில் வீடு, ஊர் இரண்டும்தான். 'ஊருக்குப் போகிறேன்' என்று நம்மில் ஒருவர் சொன்னால் எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்காது அல்லவா, அதே தொனி. இவர்களில் பெரும்பகுதியினர் போவது வடகிழக்கே உள்ள ஈசான் வட்டாரத்துக்கு. மனை பார்க்கும்போது நாம் தேடும் ஈசானி மூலைக்கும் அந்த நிலத்துக்கும் பெயர் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. இந்த ஊர்திரும்பலைத் தொன்றுதொட்டு வரும் மரபு என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருவிழா பழையது; பயணம் புதியது. ஊரை விட்டுப் போனவர்கள்தான் 'சொந்த ஊர்' என்ற ஒன்றை உண்டாக்கினார்கள், அதன் சாப்பாட்டையும் சேர்த்து.

சித்திரைப் புத்தாண்டு விழாவான சொங்க்ரானின் பழமையை யார் மறுக்க முடியும் என்று உடனே கேள்வி வரும். நான் மறுக்கவில்லை. அந்தப் பெயரே சங்கிராந்திதான். சூரியன் மேஷத்தில் புகுவதை ஒட்டி நாம் கொண்டாடும் அதே புத்தாண்டை பர்மா, லாவோஸ், கம்போடியாவிலும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதன் சடங்குகளைப் பாருங்கள்: புத்தர் சிலையை நீராட்டுவது, விகாரை முற்றத்தில் மணலால் தூபி எழுப்புவது, பெரியவர்களின் கையில் வாசனை நீர் வார்த்து ஆசி பெறுவது. எல்லாம் இருக்கிற இடத்திலேயே செய்பவை. ஈசான் கிராமத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். அதுவும் பெரும்பாலும் அதே ஊர், இல்லாவிட்டால் பக்கத்து ஊர். பெற்றவர்களைப் பார்க்கப் பேருந்து எதற்கு? தூரதேசம் போனவர்கள் என்றால் துறவிகளும், 'நைஹோய்' எனப்பட்ட மாட்டு வியாபாரிகளும்தான். அறுவடை முடிந்த கோடையில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு, காய்ச்சலுக்குப் பேர்போன டொங் பாயா ஃபை காட்டைக் கடந்து அவர்கள் மத்திய சமவெளிக்கு இறங்குவார்கள். (தீயரசன் காடு என்ற அந்தப் பெயரைப் பின்னாளில் குளிரரசன் காடு என்று மாற்றினார்கள், பெயரை மாற்றிக் காய்ச்சலை விரட்டும் முயற்சி நம் பக்கமும் தெரியாததல்ல.) அவர்களும் திரும்பினார்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கெடு வைத்தது மழை, பஞ்சாங்கமல்ல.

அரசாங்கமும் இந்தப் புத்தாண்டைக் கட்டிக்காக்கவில்லை. 1889-இல் மன்னர் சுலாலங்கோர்ன் ஆண்டுத் தொடக்கத்தை ஏப்ரல் 1 என்று நிலைப்படுத்தினார். பிரதமர் பிபூன்சொங்க்ராமின் அரசு அதை 1941 முதல் ஜனவரி 1-க்கு நகர்த்தியது. அதனால் தாய்லாந்தின் பௌத்த ஆண்டு 2483-க்கு ஒன்பதே மாதம். அரசுக் கணக்கில் சித்திரை புத்தாண்டுத் தகுதியை இழந்த பிறகுதான் சித்திரையில் ஊர் திரும்பும் கூட்டம் பெருகியது. மரபின் வலிமை மட்டும் காரணமாக இருந்திருந்தால் இது நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

காரணத்தை ரயில் பாதையிலும் சாலையிலும் தேட வேண்டும். 1900-இல் ரயில் ஈசானின் கோராட் நகரை எட்டியது. 1930-இல் உபோன் பக்கம், 1933-இல் கோன் கேன், 1941-இல் உதோன் தானி. காட்டைக் கடப்பது ஒருநாள் வேலையானது. ராபர்ட் டெக்ஸ்டர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், பாங்காக்கில் மிதிரிக்‌ஷா ஓட்டிய ஈசான் விவசாயிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1961-இல் அது வெளிவந்தது. அவர்கள் நகரத்தில் குடியேறியவர்கள் அல்லர், வந்து வந்து போனவர்கள். வயல் சும்மா கிடக்கும் மாதங்களில் ரிக்‌ஷா, நடவு வந்தால் ஊர். 1960-இல் பாங்காக் வீதிகளில் மிதிரிக்‌ஷா தடை செய்யப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, சராபுரியிலிருந்து கோராட்டுக்கு அமெரிக்க உதவியில் போட்ட மித்ரபாப் நெடுஞ்சாலை திறந்துவிட்டது. பெயருக்குப் பொருள் நட்பு. கம்யூனிசத்துக்கு எதிரான படைக்கணக்கும் அந்த நட்பில் உண்டு. அந்தச் சாலை வழியே ஆண்களோடு பெண்களும் ஆலைக்கும் கடைக்கும் வீட்டுவேலைக்கும் இறங்கினார்கள். இங்கேதான் திருப்பம். ரிக்‌ஷாக்காரர் மழையைப் பார்த்து ஊர் திரும்பினார். ஆலைத் தொழிலாளி விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத்தான் திரும்ப முடியும். தொடர்ச்சியாகச் சில நாள் கிடைப்பது ஏப்ரலில். வயலிலும் அப்போது வேலை இல்லை. ஏப்ரல் 13-ஐ முதியோர் நாள் என்றும் 14-ஐக் குடும்ப நாள் என்றும் அரசு அறிவித்தது 1980-களில்தான். மக்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பாதைக்குப் பெயர்ப்பலகை நட்டார்கள், அவ்வளவே.

சாப்பாட்டுக் கதையும் இப்படித்தான் ஓடுகிறது. கம்பூன் பூந்தவீயின் 'லூக் ஈசான்' நாவல் 1976-இல் வந்தது. தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைத் தாய்லாந்துக்கு முதலில், 1979-இல், பெற்றுத் தந்தது. வறட்சியில் வாடும் குடும்பங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மீன் பிடிக்கச் சீ ஆற்றுக்குப் போவது அதன் உயிரான பகுதி. பிடித்த மீன் பிளா ரா ஆக வேண்டும்: உப்பும், வறுத்த அரிசிப் பொடியோ தவிடோ சேர்த்து, ஜாடியில் மாதக்கணக்கில் ஊறும் மீன். கோராட் மேட்டுநிலத்துக்கு அடியில் கல்லுப்புப் படுகை. கோடையில் மண்ணில் பூக்கும் உப்பைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பது வரலாற்றுக்கு முந்தைய தொழில். மழைக்கால மீனும் வேனில்கால உப்பும் சந்திக்கும் இடம் அந்த ஜாடி. இது பழமை. ஆனால் ஈசானின் அடையாளமாக உலகம் அறிந்த சொம் தம் என்ற இடித்த கலவையைப் பாருங்கள்: பப்பாளிக்காய், மிளகாய், தக்காளி மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பாங்காக் தனக்கென்று வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் போட்டு, பிளா ரா இல்லாமல் இடித்துக்கொண்டது. நாற்றம் என்று நகரம் மூக்கைப் பொத்தியபோதுதான் 'எங்கள் சாப்பாடு' என்று ஒன்று பிரிந்து நின்றது. கிராமத்தில் அதற்கு அடைமொழி தேவைப்பட்டதில்லை, அது வெறும் சோறு. சித்திரையில் வந்திறங்கும் மகளுக்கு அம்மா இரவே ஊறவைத்த பசையரிசியை மூங்கில் கூடையில் ஆவியில் அவிக்கிறாள். அந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் செவ்வெறும்பு முட்டையும் காட்டுக் கீரையும் போட்டுக் குழம்பு வைக்கிறாள். பணி விடுமுறைக்கும் எறும்பு முட்டைக்கும் நாள் பொருந்தியது தற்செயல். அந்தத் தற்செயல்தான் இன்று மரபின் சுவை.

இது வெறும் ஏக்கம், அதை வரலாறு என்று தூக்கிவைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஊர்ச் சாப்பாடு அத்தனையும் அமுதம் அல்ல என்பதும் உண்மை. நன்னீர் மீனைப் பச்சையாகக் கொத்தித் தின்னும் 'கோய் பிளா' வழியே கல்லீரல் புழு உடலில் ஏறுகிறது. பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதி வடகிழக்குத் தாய்லாந்து. ஆனால் ஏக்கத்தால் மட்டும் இத்தனை பேருந்துகள் நிரம்புவதில்லை. 1997-இல் தாய்லாந்து நாணயம் சரிந்து ஆலைகள் மூடியபோது வேலை இழந்தவர்களில் பலர் திரும்பியது இதே ஊருக்கு. ஈடு கேட்காத காப்பீடாக நிலமும் தாய்வீடும் நின்றன. பேரப்பிள்ளைகளை வளர்த்துத் தருவது அதன் தினசரிப் பங்கு. 2020-இல் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி அரசு சொங்க்ரான் விடுமுறையைத் தள்ளிவைத்தபோது, விழாவை நிறுத்துவதைவிடப் பேருந்தை நிறுத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. சாதாரண ஆண்டுகளில் அந்த வண்டிகள் போகும்போது துணிமணியும் விளையாட்டுச் சாமானும் ஏற்றிப் போகின்றன. வரும்போது அரிசி மூட்டையும், மூடியை இறுக்கித் துணி சுற்றிய பிளா ரா புட்டியும் வருகின்றன. பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு ஊரில் தங்கிவிடுகிறார்கள்.