வார இறுதியில் வீரர்கள்: மத்திய கால மன்றங்களில் என்னதான் நடக்கிறது?

பெர்த், மெல்பர்ன், சிட்னி பக்கம் படிக்கவோ வேலை பார்க்கவோ சென்ற நம்மவர்களில் சிலர் இதைப் பார்த்திருக்கலாம். பூங்காவின் ஒரு பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். மறுபக்கம் இரும்புத் தலைக்கவசம், கேடயம் சகிதம் நாலைந்து பேர் மாறி மாறி அடித்துக்கொள்வார்கள். மரத்தடியில் நீள அங்கி போட்ட ஒருவர் தறியில் நாடா நெய்துகொண்டிருப்பார்.

படப்பிடிப்பு இல்லை. நாடக ஒத்திகையும் இல்லை. வழக்கமான வாரப் பயிற்சிதான்.

ஐரோப்பாவின் மத்திய காலத்தை மீண்டும் வாழ்ந்து பார்க்க விரும்புவோர் நடத்தும் மன்றங்கள் இவை. உலக அளவில் பெயர் பெற்ற எஸ்சிஏ அமைப்பை எடுத்துக்கொண்டு, உள்ளூர்க் குழு ஒன்றில் என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எஸ்சிஏ என்றால் என்ன?

'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்பதன் சுருக்கமே எஸ்சிஏ. 'அனாக்ரோனிசம்' என்றால் காலத்தோடு ஒட்டாத ஒன்று. சோழர் காலத்துப் படத்தில் படைவீரன் கையில் கைக்கடிகாரம் தெரிந்தால் நாம் சிரிப்போமே, அதுதான். அதை வேண்டுமென்றே, ரசனையோடு செய்கிறோம் என்பதுதான் பெயரின் பொருள்.

1966 மே 1ஆம் தேதி, அமெரிக்காவின் பெர்க்லி நகரில், எழுத்தாளர் டயானா பாக்ஸன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த ஒரு விருந்தில் இது தொடங்கியது. வந்தவர்கள் பழங்கால உடையில் வந்தார்கள், வாட்போட்டி வைத்தார்கள். போட்டி முடிந்ததும் 20ஆம் நூற்றாண்டை 'எதிர்த்து' தெருவில் ஊர்வலமும் போனார்கள். அடுத்த முறை பூங்காவில் இடம் பதிவுசெய்ய அமைப்புக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எழுத்தாளர் மேரியன் ஸிம்மர் பிராட்லி சொன்ன பெயரே நிலைத்துவிட்டது. 1968ல் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானது.

இன்றும் மன்றத்தினர் தங்கள் ஆண்டுக் கணக்கை அந்த மே முதல் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

ராஜ்யம், பிரபு... யார் யாருக்கு மேலே?

எஸ்சிஏ உலகத்தை 20 'ராஜ்யங்களாக'ப் பிரித்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருப்பது 'லோஹாக்'. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதில் அடக்கம். 2002ல் அது தனி ராஜ்யமானது.

ஒவ்வொரு ராஜ்யத்துக்குள்ளும் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. சிறியதை 'ஷயர்' என்பார்கள். உறுப்பினர் கூடினால் 'பேரனி' ஆகலாம். பெர்த் நகரக் குழுவின் பெயர் அனீலா. சிட்னியில் ரோவனி, அடிலெய்டில் இன்னில்கார்ட், பிரிஸ்பனில் ரிவர் ஹேவன், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் சதர்ன் கார்ட்.

ராஜாவை யார் தேர்ந்தெடுப்பது? வாரிசும் இல்லை, வாக்குச்சீட்டும் இல்லை. போட்டியில் வெல்பவரும் அவர் யார் சார்பில் களமிறங்கினாரோ அவரும் அரியணை ஏறுவார்கள். லோஹாக்கில் ஆட்சி ஏறத்தாழ ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு கிரீடத்தைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கிரீடம் மேடையில். நிர்வாகம் மேசையில். குழுவைச் சட்டப்படி நடத்துபவர் 'செனஷல்', அதாவது தலைவர். கணக்குப் பார்க்க ஒருவர், மடல் வெளியிட ஒருவர், சண்டைப் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர், புதிதாக வருவோரை வரவேற்க ஒருவர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும். எல்லாரும் தொண்டூழியர்கள். மண்டபம் வாடகைக்கு எடுப்பது, காப்புறுதி பார்ப்பது, கழிவறை சுத்தமா என்று கவனிப்பது, இவையும் மத்திய கால வாழ்க்கையின் ஒரு பகுதிதான்!

சண்டை நிஜமா, நடிப்பா?

அடி நிஜம். வாள் மட்டும் இரும்பில்லை, பிரம்பு.

நம்மூரில் ரோத்தான் என்று சொல்கிறோமே, அதே பிரம்புதான். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே மலாய்ச் சொல்லிலிருந்து போனது. உலகச் சந்தைக்கு வரும் பிரம்பில் பெரும்பங்கு இந்தோனேசியக் காடுகளில் வளர்கிறது. நம் வட்டாரத்துக் கொடி, அங்கே ஐரோப்பிய வீரரின் வாளாகிவிடுகிறது.

ஏன் பிரம்பு? மரக்கட்டை உடைந்தால் கூரான சிம்புகள் தெறிக்கும். தலைக்கவசத்தின் இடுக்கு வழியே கண்ணுக்குள் போகலாம். மூங்கில் உள்ளே கூடு. பிரம்பு அப்படியில்லை. உள்ளே கெட்டியாக இருக்கும், அடிபட அடிபட நார் நாராகப் பிரியும், சட்டென்று முறியாது. வாளுக்கான பிரம்பு குறைந்தது 32 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அதன்மேல் ஒட்டுநாடா சுற்றுவார்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

- சுமார் 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தலைக்கவசம், உள்ளே மெத்தை
- ஒரு அங்குலக் கம்பிகூட நுழைய முடியாத முகக்கம்பி
- கழுத்து, சிறுநீரகம், இடுப்புக்குக் கீழ், முழங்கை, முழங்கால், கை ஆகியவற்றுக்குக் கவசம்

முழுக்க எஃகுக் கவசம் செய்ய நிறைய செலவாகும். அதனால் புதியவர்கள் பலர் பழைய நெகிழித் தொட்டியை வெட்டிக் கவசமாக்கி, மேலே துணி போட்டு மறைத்துக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

யார் தோற்றார் என்று யார் சொல்வது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அடி வாங்கியவர்தான் சொல்ல வேண்டும்.

நிஜ வாளாக இருந்திருந்தால் இந்த அடி என்னைச் சாய்த்திருக்குமா? அவரே முடிவு செய்கிறார். பட்டது என்றால் கீழே விழுவார். கையில் பட்டால் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். தொடையில் பட்டால் மண்டியிட்டபடி சண்டையைத் தொடர்வார். முழங்காலுக்குக் கீழே அடிக்கவே கூடாது.

களத்தில் மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள். அவர்கள் வெற்றி தோல்வியைச் சொல்ல வந்தவர்கள் இல்லை. ஆபத்து ஏதும் வருகிறதா என்று பார்ப்பதே முக்கிய வேலை. யாராவது 'ஹோல்ட்!' என்று கத்தினால் போதும், களமே அப்படியே நின்றுவிடும். கவச வார் அறுந்தாலும் சரி, சின்னப் பிள்ளை எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாலும் சரி.

ஏமாற்ற முடியாதா? முடியும். அடிபட்டும் படாத மாதிரி நிற்பவர்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே முகங்களோடுதான் பயிற்சி. பெயர் கெட்டுவிட்டால் வெற்றிக்கு மரியாதை இருக்காது. பலம் மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும் என்பதை விதிப்புத்தகத்தைவிட இந்தக் கூச்சம்தான் காப்பாற்றுகிறது.

போட்டியில் இறங்குமுன் ஒவ்வொருவரும் பாதுகாப்புத் தேர்ச்சி பெற வேண்டும். பிள்ளைகளுக்கு மெத்தை சுற்றிய ஆயுதங்களோடு தனிப் பிரிவு. இன்னொரு எதிரி வெயில். பெர்த்தில் கோடைக்காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. இரும்புக்குள் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் களத்தைச் சுற்றித் தண்ணீர் கொடுப்பதே ஒரு தனிப் பணி.

சண்டை பிடிக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

நிறைய பேர் பிரம்பைத் தொடுவதே இல்லை. அம்பெய்தல், எழுத்தோவியம், தோல் வேலை, நெசவு, நடனம், பாட்டு, வாசனைப் பொருள் என்று ஆளுக்கொரு கலை. வார நாளில் யாராவது ஒருவர் வீட்டிலோ மண்டபத்திலோ கூடித் தைப்பார்கள், படிப்பார்கள்.

உணவைப் பார்ப்போம். மத்திய கால விருந்தில் மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டும் கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492ல் அங்கு போன பிறகுதான் கடல் கடந்தன. அப்படியென்றால் சாப்பாடு சப்பென்று இருக்குமா? இல்லை. மிளகு, இஞ்சி, லவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் தாராளம். மிளகாய் வருமுன் நம் முன்னோரும் மிளகை நம்பித்தானே சமைத்தார்கள்!

1390 வாக்கில் இங்கிலாந்து அரசவைச் சமையற்காரர்கள் தொகுத்த நூலின் பெயர் 'ஃபோர்ம் ஆஃப் க்யூரி'. பெயரைக் கேட்டதும் நம்ம கறி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கால ஆங்கிலத்தில் 'க்யூரி' என்றால் சமையல்.

அடுத்து, சின்னங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தமக்கென ஒரு பெயரும் கேடயச் சின்னமும் பதிவுசெய்யலாம். இன்னொருவருடையது போல் இருக்கக்கூடாது. மஞ்சள், வெள்ளை ஆகியவை 'உலோக' நிறங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா வேறு வகை. ஒரே வகை நிறங்களை ஒன்றின்மேல் ஒன்று வைப்பதில்லை. காரணம் எளிது. நீலத்தின்மேல் கறுப்பு தூரத்திலிருந்து தெரியாது. போர்க்களத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

உயர்ந்த விருதுகள் வாள் பிடிப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. கலையில் சிறந்தோருக்கு 'லாரல்', சேவையில் சிறந்தோருக்கு 'பெலிக்கன்'. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுக்கு ஊட்டும் என்று அக்காலத்தவர் நம்பிய பறவையின் பெயர் அது. பல ஆண்டு பாத்திரம் கழுவி, கணக்கு எழுதி, கூடாரம் தூக்கியவரும் வீரப் பட்டம் பெற்றவரும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

நாம் எந்த வேடத்தில் போவது?

அடிக்கடி எழும் கேள்வி. ஐரோப்பிய ராணியாகத்தான் வர வேண்டுமா?

கட்டாயமில்லை. 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் கலாசாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய, அரபுக் கதாபாத்திரங்கள் பல ஆண்டுகளாகவே உண்டு. கடல் வணிகம் செய்த தமிழராகவும் வரலாம். சுமத்ராவின் பாருஸ் வட்டாரத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவைக் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்துக் கடல் பாதையில் நாமும் இருந்தோம் என்பதற்கு அது சாட்சி.

வரலாற்றில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒருவராக மட்டும் வேடமிட முடியாது. ராஜேந்திர சோழன் என்று சொல்லிக்கொண்டு வர முடியாது. அவருடைய கப்பலில் துடுப்புப் போட்டவர் என்று சொல்லலாம்.

'அந்தக் காலத்தில் இருந்தது' என்றால் எல்லாம் சரியா?

இல்லை. 2018 ஜனவரியில் தென் கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய ராஜ்யத்தின் ராஜாவும் ராணியும் அணிந்த ஆடையின் கரையில் ஸ்வஸ்திகா வடிவங்கள் நெய்யப்பட்டிருந்தன. கடும் எதிர்ப்பு எழுந்தது. இருவரும் பதவி விலகினார்கள்.

நம் வீட்டுப் பூஜையறையில் அந்தச் சின்னம் மங்கலம். பழைய ஐரோப்பிய நெசவிலும் அது உண்டு. ஆனால் நாஜிகள் செய்த படுகொலைகளுக்குப் பிறகு, அதைப் பார்க்கும் யூதக் குடும்பத்துக்கு அது வேறொன்று. விக்டோரியா மாநிலம் 2022ல் பொது இடத்தில் நாஜிச் சின்னத்தைக் காட்டுவதைத் தடைசெய்தபோது, இந்து, பௌத்த, சமண சமயப் பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தது. சட்டத்துக்கே அந்த வேறுபாடு புரிகிறது.

வெள்ளை இனவாதக் கும்பல்கள் சில வைக்கிங் சின்னங்களையும் சிலுவைப் போர் வாசகங்களையும் தங்களுடையதாக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. ஆகவே எதை அணிவது என்பது வெறும் தையல் பிரச்சினை இல்லை. களத்துக்கு வரும் கறுப்பினத்தவரோ ஆசியரோ 'இது எனக்கும் உள்ள இடம்' என்று உணர்வாரா என்பதே கேள்வி.

மற்ற அமைப்புகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

- வரலாற்றுப் போர் நிகழ்ச்சிகள்: இங்கிலாந்தில் 1066 ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டுவார்கள். யார் வெல்வார் என்பது முன்பே தெரியும். எஸ்சிஏ போட்டியில் தெரியாது.
- எஃகு ஆயுதச் சண்டை: 2010ல் தொடங்கிய 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' போன்ற போட்டிகளில் முனை மழுங்கிய எஃகு ஆயுதங்கள். அடி இன்னும் பலம்.
- பொதுமக்கள் திருவிழா: குவீன்ஸ்லந்தின் கபூல்சரில் அபே அருங்காட்சியகம் நடத்தும் மத்திய கால விழா 1989ல் தொடங்கியது. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம், வேடம் கட்டாயமில்லை.

எஸ்சிஏ நிகழ்ச்சியில் பார்வையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. போனால் நீங்களும் ஊர்க்காரர். சிட்னிக் குழு ஈஸ்டரில் நடத்தும் ரோவனி விழாவில் நாள் கணக்கில் கூடாரத்தில் தங்குவார்கள். அமெரிக்காவின் பென்சிக் போர் 1972ல் தொடங்கியது. பென்சில்வேனியாவில் இரண்டு வாரம் நடக்கும் அதற்கு 10,000 பேர்வரை வருவதுண்டு.

போய்ப் பார்க்க ஆசையா?

- முதலில் வாரப் பயிற்சிக்குப் போங்கள். அதற்குச் சாதாரண உடையே போதும்.
- நிகழ்ச்சிக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உடைபோல ஏதாவது முயன்றிருக்க வேண்டும். கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை. பல குழுக்களில் இரவல் உடை உண்டு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.
- கவசம் உடனே வாங்காதீர்கள். சில மாதம் இரவல் கவசத்தில் பழகிய பிறகு முடிவெடுங்கள். அளவு பொருந்தாத கவசம் காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.
- முதுகு, முழங்கால், இதயப் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். தலையில் பலமான அடிபட்டுத் தலைசுற்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.
- பிள்ளைகளோடு போனால், பிள்ளைகள் பிரிவை யார் நடத்துகிறார், அவருக்குரிய பின்னணிச் சோதனை முடிந்ததா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது தப்பில்லை.
- எஃகு வாள் வாங்குமுன் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். விக்டோரியாவில் 2004 முதல் உரிய விலக்கு இல்லாமல் வாள் வைத்திருக்க முடியாது. ஊருக்குக் கொண்டுவர நினைத்தால், பெட்டியில் வைக்குமுன்னரே நம் காவல்துறை விதிகளைச் சரிபார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்ல முடியாது.

புதிய ஊருக்குத் தனியாகப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைப்பதுதான் பெரிய பாடு. வாரா வாரம் ஒரே இடம், ஒரே நேரம், கூடவே கற்றுக்கொள்ள ஏதோ ஒரு வேலை. இந்த மூன்றும் இங்கே இருக்கின்றன. வாள் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூடாரம் கட்ட எப்போதும் ஆள் தேவைப்படும்.