உருளையும் இழையும்: தூண்டிற்கலை கற்பிக்கும் வரலாற்றுப் பாடம்

சங்கப் புலவருள் இயற்பெயர் மறைந்து, தாம் ஆண்ட தொடராலேயே பெயர் பெற்றவர் சிலர் உளர். அவருள் ஒருவர் மீனெறிதூண்டிலார். யானை வளைத்துப் பிடித்த பசிய மூங்கில், பிடி தளர்ந்ததும் வானோக்கி எழுகின்றது. அக்காட்சிக்கு, மீன் சிக்கியவுடன் விரைந்து மேலெழும் தூண்டிலை உவமையாக்கினார் அவர். குறுந்தொகையில் உள்ள அவ்வுவமையே அவருக்கு அழியாப் பெயரைத் தந்தது. அவர் காட்டிய தூண்டிலில் உருளை இல்லை. கோலின் நீளம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே கயிற்றின் எல்லை. கரையை ஒட்டி வரும் மீனே கைக்கு வரும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த என் போன்றோர் கையில் இருந்ததும் அத்தகைய தூண்டிலே. மூங்கிற்கழி ஒன்று, சில முழம் நைலான் இழை, ஒரு முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு. கால்வாயில் விராலும் கெளுத்தியும் பிடிக்க அவை போதும். இன்றைய மாணவன் விரும்புவதோ போலியிரைத் தூண்டில். மரத்தாலும் உலோகத்தாலும் நெகிழியாலும் செய்த பொய் மீனைத் தொலைவில் வீசி, நீந்துவது போல் இழுத்து, மெய் மீனை ஏமாற்றும் கலை அது. அதற்கு உருளை இன்றியமையாதது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் இக்கலையில் ஆர்வம் கொண்டான். வகுப்பில் வாய் திறவாத அவன், மீனைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் மலர்வான். அவனை ஊக்குவிக்க எண்ணிய நான், விலை உயர்ந்ததே சிறந்தது என்று நம்பி, பற்சக்கர உருளை ஒன்றையும் தடித்த இழையையும் வாங்கித் தந்தேன். முதல் வீச்சிலேயே இழை குருவிக்கூடு போல் சிக்குண்டது. இரண்டாம் வீச்சிலும் அவ்வாறே. மூன்றாம் முறை அவன் வீசவில்லை. “எனக்குக் கை வராது, ஐயா” என்று கூறிக் கோலை என்னிடம் நீட்டினான். பிழை அவன் கையில் இல்லை, என் தேர்வில் இருந்தது என்பதை உருளையின் வரலாற்றைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

உருளையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று சீன ஓவியம். தென் சுங் அரசு காலத்து ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய அவ்வோவியத்தில், பனிக்கால ஏரியில் தனியே படகில் அமர்ந்த ஒருவரின் கோலில் சிறு சக்கரம் காணப்படுகின்றது. அது இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கிலாந்தில் தூண்டிற்சக்கரம் பற்றிய குறிப்புகள் 1650களில் வெளிவந்த நூல்களில் தென்படுகின்றன. இழையைச் சேமித்து வைப்பதும், பெரிய மீன் ஓடும்போது விட்டுக் கொடுப்பதுமே அக்காலச் சக்கரங்களின் பணி. தொலைவில் எறிவதற்காக அவை தோன்றவில்லை.

பற்சக்கரம் பூட்டிய உருளைகள் 18ஆம் நூற்றாண்டிலேயே இலண்டனில் விற்கப்பட்டன. அவற்றைச் செம்மையான எறிகருவியாக்கிய பெருமை அமெரிக்கரைச் சாரும். கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் சினைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய உருளையைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும். கடிகாரச் சக்கரங்களின் நுட்பம் தூண்டிலுக்கு வந்தது இவ்வாறுதான்.

ஆனால் அதில் ஓர் இடர் இருந்தது. எறியும்போது இரை இழையை இழுக்க, இழை உருளையைச் சுழற்ற வேண்டும். இரை மிக இலேசாயின் உருளை எளிதில் சுழலாது. சுழலத் தொடங்கிய பின்னரோ, இரையின் வேகம் குறைந்தாலும் உருளையின் வேகம் உடனே குறையாது. வெளியேற வழியின்றி இழை தளர்ந்து சிக்குண்ணும். பழகியவர் பெருவிரலால் உருளையை மெல்லத் தொட்டு அதனை அடக்குவர். அப்பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. என் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே.

இவ்விடருக்குச் சிறந்த தீர்வு நெசவாலையிலிருந்து வந்தது. பிராட்ஃபோர்டு நகரில் துணித் தொழில் நடத்திய ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த், ஆலையில் அசையாது நிற்கும் நூற்கண்டின் முனையிலிருந்து நூல் தானே நழுவி ஓடும் முறையைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தினார். அவர் 1905இல் காப்புரிமை பெற்ற உருளையில், எறியும்போது உருளை சுழல்வதில்லை. இழை மட்டும் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக வெளியேறுகின்றது. எனவே இலேசான இரையும் எளிதில் பறக்கும். இதுவே நிலையுருளை. இன்று கடைகளில் ‘ஸ்பின்னிங் ரீல்’ எனக் கேட்டால் கிடைப்பது இதன் வழித்தோன்றலே.

அமெரிக்காவில் தல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கான நேரவெடிகளைச் செய்த ஒரு நிறுவனம், 1949இல் இதே கருத்தை மூடியிட்ட உருளையாக மாற்றி விற்றது. அதுவே பின்னர் ஜெப்கோ எனப் பெயர் பெற்றது. ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் மிதிவண்டி உறுப்புகள் செய்யத் தொடங்கிய ஷிமானோ நிறுவனம், 1970இல் தூண்டிற்கருவித் துறையில் இறங்கியது. அது 1973இல் சிங்கப்பூரிலும் தன் தொழிற்சாலையை நிறுவியது. கடிகாரமும் நெசவும் வெடியும் மிதிவண்டியும் ஒரு தூண்டிற்கோலில் வந்து கூடிய விந்தையை என்னென்பது! ஒரு தொழிலின் அறிவு மற்றொரு தொழிலுக்கு ஒளியாகும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

உருளையின் கதை இதுவாக, இழையின் கதை வேறு. முற்காலத்தில் குதிரைவால் மயிரைத் திரித்து இழை செய்தனர். பின்னர்ப் பட்டிழையும் ஆளி நூலும் வந்தன. பட்டிழையை ஒவ்வொரு நாளும் அவிழ்த்து உலர்த்தாவிடின் அது இற்றுப்போகும். இல்லிங்வொர்த்தின் உருளை 1905இல் தோன்றியபோதும், அதற்கு ஏற்ற மலிவான, உறுதியான இழை அப்போது இல்லை.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஆய்வு செய்த வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் நைலானைக் கண்டனர். தம் படைப்பு கடைக்கு வருவதைக் காணாமலே கரோதர்ஸ் 1937இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நைலான் பல்துலக்கியின் குச்சமாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் வான்குடைகளுக்கும் கயிறுகளுக்கும் சென்ற நைலான், போருக்குப் பின் உலகெங்கும் தூண்டிலில் ஏறியது. மலாய்க்காரர் ‘தங்சி’ என்பதும், ஈழத்து மீனவர் ‘தங்கூசி’ என்பதும் இவ்விழையையே. நிலையுருளை உலகெங்கும் பரவியது, தகுந்த இழை துணை நின்ற பிறகே. உருளையையும் இழையையும் தனித்தனியே தேர்வு செய்தல் ஆகாது என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.

நீருள் எளிதில் தென்படாத ஃபுளோரோகார்பன் இழையை ஜப்பானிய நிறுவனம் ஒன்று 1971இல் வெளியிட்டது. பாலிஎத்திலீன் நுண்ணிழைகளைப் பின்னிய இழை 1990களில் பரவியது. அது மெல்லியது, வலியது, நீளாதது. எனினும் தளர்ச்சியாகச் சுற்றினால் முடிச்சிட்டுக் கொள்ளும். தொடக்கநிலையினர்க்கு அது துன்பம் தரலாம்.

ஆகவே புதிதாகத் தொடங்கும் மாணவன் முதலில் கேட்க வேண்டிய வினா, “எவ்வளவு எடையுள்ள இரையை எறியப் போகின்றேன்?” என்பதே. நம் குளங்களிலும் ஆறுகளிலும் செபாராவ் போன்ற மீனை நாடி 7 முதல் 15 கிராம் வரையுள்ள இரையை எறிய, 2500 என எண்ணிட்ட நடுத்தர நிலையுருளையும், 8 முதல் 10 பவுண்டு தாங்கும் நைலான் இழையும் ஏற்றவை. கூரிய பல்லுடைய தோமானுக்கு இவை போதா. அதனை அனுபவம் வந்த பின் நாடலாம். இழையை உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிரப்புதல் வேண்டும். மிகுந்தால் சிக்கும். குறைந்தால் விளிம்பில் உரசி, எறியும் தொலைவு சுருங்கும். இழுவைத் தடையை இழையின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் திருகி வைத்தால், மீன் திமிறும்போது இழை அறாது. அறுந்த நைலானை நீரில் எறிதல் கூடாது. அது எளிதில் மக்காது, பறவைகளின் காலில் சிக்கி அவற்றை மாய்க்கும்.

ஓராண்டு கழித்து அம்மாணவனை மீண்டும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை என் கையில் இருந்தது விலை குறைந்த சிறிய நிலையுருளை. தயங்கியே வாங்கினான். வீசினான். இரை இருபது முப்பது அடிகள் பறந்து சென்று நீரில் விழுந்தது. இழை சிக்கவில்லை. அன்று மாலைவரை மீன் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும், “இன்னும் ஒருமுறை, ஐயா” என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கற்போன் தோற்கும்போது அவன் திறமையை ஐயுறுவது நமக்கு எளிது. அவன் கையில் நாம் எதனைக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பது அரிது. தூண்டிலுக்கு மட்டுமன்றி, எழுத்துக்கும் எண்ணுக்கும் இஃது பொருந்தும். ஆசிரியப் பெருமக்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.