எங்கள் கரையின் ‘அட்வென்சர்’ பைக் எது?

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிளேன்டீ குடிக்கிற நேரம் எங்களுக்குள் வருகிற பேச்சு ஒன்றில் கிரிக்கெட், இல்லாட்டி பரீட்சை, அதுவும் இல்லாட்டி பைக். போன மாதம் பைக் வந்தது. எங்கள் கூட்டாளி ஒருத்தனுடைய காக்கா கட்டாரில் இருக்கிறார். “வீட்டுல கிடக்கிற பழைய சாமானை வித்துப்போட்டு நல்ல பைக் ஒண்டு எடு, மிச்சக் காசு நான் தாறன்” எண்டு சொல்லியிருக்கிறார். இவனும் ரெண்டு கிழமையாக யூடியூப்பில் கிடையாகக் கிடந்து மூன்று பெயரில் வந்து நின்றான்: ரோயல் என்பீல்ட் ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ், கேடிஎம் 390 அட்வென்சர்.

குதிரைவலு எவ்வளவு, சஸ்பென்ஷன் எவ்வளவு எண்டு நாங்கள் அடிபட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த அவனுடைய மூத்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எல்லாஞ் சரி மனே, இதுல உங்கும்மா எப்படி ஏறுவா?”

ஒருத்தரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். இந்தக் கரையில் ஐம்பது வருசமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. எங்கட வாப்பாமார், மூத்தப்பாமார் எதைப் பார்த்து பைக் எடுத்தார்கள்? ‘பெறுமதி’ எண்டு எதைச் சொன்னார்கள்?

பாலைவனத்தில் பிறந்த பைக்

முதலில் இந்த ‘அட்வென்சர்’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1968 இல் யமஹா டிடி-1 என்ற 250 சிசி பைக்கை அமெரிக்கச் சந்தைக்கு விட்டது. தார் வீதியிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஓடும். 1972 இல் ஹொண்டா எக்ஸ்எல் 250 வந்தது. 1978 டிசம்பரில் பாரிஸ் நகரிலிருந்து ஆபிரிக்காவின் டக்கார் வரை ஓடும் போட்டி தொடங்கியது. அந்த முதல் போட்டியில் வென்றது யமஹா எக்ஸ்டி 500, ஓட்டியவர் சிரில் நெவு. 1980 இல் பிஎம்டபிள்யூ, ஆர் 80 ஜி/எஸ் என்ற 800 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. அந்த ஜி/எஸ் என்ற இரண்டு எழுத்துக்கும் ஜேர்மன் மொழியில் கரடுமுரடான தரை, வீதி என்று அர்த்தம். பெரிய தாங்கி, உயரமான இருக்கை, நீண்ட சஸ்பென்ஷன் என்று இன்றைக்கு அட்வென்சர் பைக்குகளில் நாம் பார்க்கிற உருவம் அங்கே உருவானதுதான்.

அதாவது, பெற்றோல் ஷெட் இல்லாத பாலைவனத்தை ஒரு ஆள் தனியாகக் கடக்கச் செய்த பைக். பின்னால் ஆள் ஏறுவதும், மீன்பெட்டி வைப்பதும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

எங்கள் தரை வேற

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வரைபடத்தில் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் மெல்லிய கீற்றாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று வீடும் வீடும் ஒட்டிய ஊர்கள். எல்லாவற்றையும் கோர்த்தபடி ஏ4 வீதி. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மேற்கே உள்ள நிலத்தின் நீரையும் குடியிருப்பையும் மாற்றியது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது. ஆனால் ஒரு விசயம் மாறவில்லை: வெள்ளாமை செய்கிறவர் கடற்கரைப் பக்கம் குடியிருப்பார், அவருடைய வட்டை பல மைல் மேற்கே கிடக்கும்.

ஆகவே இங்கே ஒரு ஆள் ஒரே நாளில் மூன்று தரையில் பைக் ஓட்ட வேண்டும். வீட்டு ஒழுங்கையில் மணல். பிரதான வீதியில் தார். வட்டைக்குள் வாய்க்கால் கட்டும் வரம்பும், மாரியில் களி. டக்கார் போட்டிக்காரர் வருசத்துக்கு ஒருக்காப் போன பாதையைவிட இது லேசு என்று சொல்ல ஏலாது. வித்தியாசம், எங்கட ஆள் சாரன் உடுத்திருப்பார், பின்னால் உரமூட்டையும் இருக்கும்.

சாரனுக்குப் பொருந்திய பைக்

1970 இலிருந்து 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. 1977 இல் ஆட்சி மாறி பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் பைக்குகள் தாராளமாக வரத் தொடங்கின. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் எங்கட ஊர் ஆட்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கியதும். ரெண்டும் சேர்ந்தபோது வீட்டு வாசலுக்கு வந்தது ஹொண்டா கப்: 50, 70, 90.

இந்த கப்பின் கதை 1958 இல் ஜப்பானில் தொடங்குகிறது. சொய்ச்சிரோ ஹொண்டாவும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு போகிற நூடில்ஸ் கடைப் பொடியன், மற்றக் கையால் இதை ஓட்ட வேண்டும் என்பது புஜிசாவாவின் நிபந்தனை என்பார்கள். அதற்காகத்தான் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத கியர். காலைத் தூக்கிப் போடாமல் ஏற நடுவில் இடைவெளி. செயினை முழுதாக மூடிய உறை. 2017 இல் இந்த வகை 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கைக்குக் கிட்ட வரவில்லை.

இப்ப இதை எங்கட கரையில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி இருந்தபடியால் சாரனோடு ஏறலாம், அபாயாவோடும் ஏறலாம். மூடிய செயினுக்குள் கடல் மணலும் உப்புக் காற்றும் லேசில் போகாது. நூறு கிலோவுக்குள் பாரம் என்பதால் வரம்பில் சாய்ந்தாலும் ஒருத்தர் தூக்கி நிமிர்த்தலாம். ஜப்பானியத் தபால்காரருக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு நிற எம்டி 90, பின்னாட்களில் ரீகண்டிஷனாக இங்கே வந்து இறங்கியபோது மீன் வியாபாரிகள் அதை விடவில்லை. கடிதப் பை இருந்த கெரியரில் மீன்பெட்டி ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காலங்களைப் பிரித்துப் பார்க்க நம்பர் பிளேட்டும் உதவும். பழைய பைக்கில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கும். 1957, 58 இல் தமிழ்ப் பகுதிகளில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பிய அதே எழுத்துத்தான். அதற்குப் பிந்தியதில் எண்ணும் கோடும் மட்டும். 2000 ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துகள். வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடக்கிற பைக்கின் பிளேட்டை ஒருக்கால் துடைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக்கு அது எந்தக் காலத்தில் வந்தது என்று விளங்கும்.

250 சிசி ஏன் வந்தது?

கப்புக்கு மேலே ஆசைப்பட்ட ஒரு தலைமுறையும் இருந்தது. ஹொண்டா சிடி 200 அவர்களுடைய கம்பீரம். அதற்கும் மேலே ரெண்டு பெரிய வட்ட லைட்டோடு ஹொண்டா எக்ஸ்எல்ஆர் 250 பாஜா, யமஹா டிடபிள்யூ 200, சுசுகி ஜெபெல். உண்மையில் இலங்கையின் முதல் ‘நடுத்தர அட்வென்சர்’ பைக்குகள் இவைதான். அந்தப் பெயரை அப்போது ஒருத்தரும் வைக்கவில்லை.

ஏன் எல்லாம் 250 க்குள்ளேயே? காரணம் ஜப்பானின் சட்டம். அங்கே 250 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குக் காலத்துக்குக் காலம் கட்டாயத் தகுதிப் பரிசோதனை உண்டு, செலவும் உண்டு. 250 வரைக்கும் அது இல்லை. அதனால் ஜப்பான்காரர் 250 சிசியை அதிகம் வாங்கினார்கள். அவர்கள் ஓட்டி முடித்து விற்றது எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. எங்கட அண்ணன்மாரின் கனவு பைக் எத்தனை சிசி என்பதை முடிவெடுத்தது தோக்கியோவின் ஒரு வாகனச் சட்டம்!

அது யுத்த காலமும்தான். 1990 க்குப் பிறகு மேற்கே உள்ள தங்கள் வயற்காணிகளுக்குப் போகவே முடியாமற்போன முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ. “பொழுது சாயுமுன்ன வட்டையை விட்டு வெளிக்கிடணும், அப்ப பைக் நடுவழியில நிண்டா முடிஞ்சுது” என்று மூத்தப்பா சொன்னார். பைக் நம்பகமானதா என்ற கேள்விக்கு அன்றைக்கு உயிர்தான் விலை. உதைத்தவுடன் ஸ்டார்ட் ஆக வேண்டும். நின்றால் ஒரு ஸ்குரூட்ரைவரும் ஸ்பார்க் பிளக்கும் வைத்து வழியிலேயே திருத்த முடிய வேண்டும்.

2000 களில் பஜாஜ், ஹீரோ ஹொண்டா, டிவிஎஸ் என்று இந்திய பைக்குகள் லீசிங்கில் வந்தன. ஒவ்வொரு சந்தியிலும் உதிரிப்பாகம் கிடைத்தது. பாஜா வைத்திருந்தவர்கள் ஒரு கேபிளுக்காகக் கொழும்புக்குச் சொல்லியனுப்பிக் காத்திருந்தபோது, பஜாஜ் சிடி 100 காரர் அஸருக்குக் கொடுத்து மஃரிபுக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு லீற்றரின் பாடம்

2022 எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜனவரியில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் யூன் கடைசியில் 470 ஆனது. பிறகு கியூஆர் முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்.

கணக்குப் போடுவோம். லீற்றருக்கு 55 கிலோமீற்றர் ஓடும் 100 சிசி பைக் அந்த 4 லீற்றரில் 220 கிலோமீற்றர் போகும். லீற்றருக்கு 30 ஓடும் 400 சிசி பைக் 120 போகும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு சுமார் 40 கிலோமீற்றர், போய்வர 80. சின்ன பைக் வைத்திருந்தவர் கிழமைக்கு ரெண்டு முறை போய்வந்து, மிச்சப் பெற்றோலில் வயலுக்கும் போவார். பெரிய பைக் வைத்திருந்தவருக்கு ஒரு முறைதான். இந்தக் கணக்கு எந்த விமர்சன வீடியோவிலும் வராது, ஏனென்றால் அவர்கள் கியூஆர் வரிசையில் நின்றதில்லை.

இப்ப மூன்றையும் பார்ப்போம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. இந்த ஆசைகள் எல்லாம் திரும்ப எழும்பியதும் அதனால்தான். சரி, எங்கள் தரையை வைத்தே அளப்போம்.

2016 இல் வந்த ஹிமாலயன் 411 இன் இருக்கை 800 மில்லிமீற்றர். மணலில் ரெண்டு காலும் ஊன்றும். தாங்கி 15 லீற்றர். ஆனால் பாரம் 200 கிலோவுக்குக் கிட்ட, ஏறக்குறைய மூன்று மூட்டை நெல். மாரியில் வரம்பில் சாய்ந்தால் பக்கத்து வட்டைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். 2023 இல் வந்த ஹிமாலயன் 450 க்கு 40 குதிரைவலு, 17 லீற்றர் தாங்கி. பாரம் அதே அளவு, இருக்கை இன்னும் உயரம்.

கேடிஎம் 390 அட்வென்சர் 2020 இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது இருக்கை 855 மில்லிமீற்றர். மூன்றிலும் வேகம் இதற்குத்தான். வேகம் இருக்கிற இடத்தில் மிச்சம் வைக்கிற வேலை எங்கட ஊர் வீதியில் இல்லை: மாடு, மதரஸா விட்டு வரும் பிள்ளைகள், உள்வீதியிலிருந்து பார்க்காமல் கிறுகுகிற ஆட்டோ. மூத்தப்பாவின் கேள்விக்கும் இதுதான் ஆகக் குறைந்த மார்க் வாங்கும்.

எக்ஸ்பல்ஸ் 200, 2019 இல் வந்தது. பாரம் சுமார் 155 கிலோ, எஞ்சின் எளிமை, எரிபொருளும் மற்ற ரெண்டையும் விடக் குறைவு. இருக்கை 820 ஐத் தாண்டும் என்பதால் கட்டையான ஆளுக்குச் சிரமம். ஆனாலும் வட்டைக்கும் வீதிக்கும் நடுவில் மூன்றிலும் கிட்ட வருவது இதுதான்.

அதே நேரம் நியாயமும் பேச வேண்டும். ஏ4 இல் பொத்துவில், மொனராகலை தாண்டி மலைக்கு மாதம் ரெண்டு தரம் ஓடுகிற ஆளுக்கு ஹிமாலயன் வீண்செலவு இல்லை. பழைய கப்பின் டிரம் பிரேக்கையும் இன்றைய ஏபிஎஸ்ஸையும் ஒன்றாக வைக்கவும் ஏலாது. வீதி அகலமாகி வேகம் கூடிவிட்ட இந்தக் காலத்தில் நல்ல பிரேக் ஒரு ஆடம்பரம் இல்லை. அந்தப் பகுதியில் பழையது சிறந்தது என்று பேசுவதற்கு நாங்கள் தயாரில்லை, ஜனாஸாவுக்குப் போய் வந்திருக்கிறோம்.

ஆனால் எத்தனை பேர் மாதம் ரெண்டு தரம் மலைக்குப் போகிறோம்? மிச்ச இருபத்தெட்டு நாளும் பைக் செய்கிற வேலை கடை, வயல், ஆஸ்பத்திரி, டியூஷன். லீசிங் தவணை மட்டும் முப்பது நாளுக்கும் சேர்த்து ஓடும். அதுவும் காக்கா கட்டாரில் வெயிலில் நின்று அனுப்புகிற காசு.

இதையெல்லாம் கூட்டாளியின் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய ராத்தா, பாடசாலை ஆசிரியை, உள்ளே இருந்தே சொன்னா: “உம்மா ஏறுறது இருக்கட்டும். நான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போகேலுமா, அதைச் சொல்லுங்க.”

அப்பதான் எங்களுக்கும் விளங்கியது. மூத்தப்பாவின் கேள்வியும் பாதிதான். எங்கட ஊர்களில் கப்பின் இடத்தை இன்றைக்குப் பிடித்திருப்பது அட்வென்சர் பைக் இல்லை, ஸ்கூட்டி. அதே நடுவில் இடைவெளி, அதே கிளட்ச் இல்லாத ஓட்டம். முன்னால் உட்கார்ந்திருப்பது மட்டும் இப்ப ராத்தாமார்.

கூட்டாளி இன்னும் முடிவெடுக்கவில்லை. எக்ஸ்பல்ஸின் படம் அவனுடைய போனில் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: வித்துப்போடச் சொன்ன அந்தப் ‘பழைய சாமான்’ வாப்பாவின் எம்டி 90. அதை விற்கிறதில்லை என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது.