அகப்பையும் கரண்டியும்: ஒரு சிறு சொல்லின் நெடுவரலாறு



இக்கட்டுரையை ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பிழை என்னுடையது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் நான் புதியவனாய் இருந்த காலம். தொடக்க வகுப்பொன்றில் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் பயிற்சி நடந்தது. நீண்ட காம்பும் குழிந்த முகமும் உடைய சமையற்கருவி ஒன்றின் படத்திற்குக் கீழே, தோட்டப்புறத்திலிருந்து வந்த சிறுமி ஒருத்தி 'அகப்பை' என்று எழுதியிருந்தாள். என் கையிலிருந்த விடைப்பட்டியலில் 'கரண்டி' என்றிருந்தது. சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். "எங்க வீட்டுல இத அகப்பைன்னுதான் சொல்லுவாங்க, சார்" என்றாள் அவள். "அது தோட்டத்துப் பேச்சு. தேர்வில் எழுதக் கூடாது" என்றேன். அவள் மறுபேச்சின்றி அழித்துவிட்டு, நான் சொன்னதை எழுதினாள்.

பின்னாளில் மொழியியலை முறையாகப் பயின்றபோதுதான், அன்று அடிக்கப்பட்டது கொச்சைச் சொல் அன்று என்பதையும், பட்டியலைவிட அச்சிறுமியின் விடையே படத்திற்கு நெருக்கமானது என்பதையும் உணர்ந்தேன். அந்த உணர்வு தந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். கரண்டியைக் குறிக்கும் சொற்கள் பிற மொழிகளில் எவ்வாறு பிறந்தன, தமிழில் எவ்வாறு வளர்ந்தன, அவ்வரலாறு வகுப்பறைக்கு எதைச் சொல்கிறது என்பனவற்றை முறையே காண்போம்.

மொழிகள் கரண்டிக்குப் பெயரிட்ட முறை

ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது மக்கள் அப்பொருளின் எல்லாக் கூறுகளையும் நோக்குவதில்லை. ஏதேனும் ஒன்றையே பற்றிக்கொள்கின்றனர். எதைப் பற்றிக்கொண்டனர் என்பது மொழிக்கு மொழி வேறுபடும்.

சில மொழிகள், கருவி எதனால் செய்யப்பட்டது என்பதை நோக்கின. ஆங்கிலத்தின் 'ஸ்பூன்' பழைய ஆங்கிலத்தில் மரச்செதுக்கலை, அதாவது மரத்துண்டிலிருந்து சீவி எடுத்த சில்லைக் குறித்தது. அதன் உறவுச்சொல்லான ஜெர்மானிய 'ஷ்பான்' இன்றும் மரச்சில்லையே குறிக்கிறது. மரச்சில்லால் கூழை அள்ளி உண்ட பழக்கம் மறைந்து, வெள்ளியாலும் எஃகாலும் கருவி செய்யப்பட்ட பின்னரும், பெயர் மட்டும் மரத்தை விட்டு நீங்கவில்லை. இலத்தீனில் கரண்டிக்குப் பெயர் 'கோக்லியாரே'. நத்தை ஓட்டைக் குறிக்கும் 'கோக்லியா' என்பதன் வழிவந்தது அது. நத்தையையும் முட்டையையும் உண்பதற்கு அது பயன்பட்டதை உரோமானியக் கவிஞர் மார்ஷியல் குறித்துள்ளார். பிரெஞ்சின் 'குயியேர்', இத்தாலியத்தின் 'குக்கியாயோ', எசுப்பானியத்தின் 'குச்சாரா' ஆகியவை இதன் வழித்தோன்றல்களே.

வேறு சில மொழிகள், கருவியைக் கொண்டு செய்யும் வினையை நோக்கின. ஜெர்மானிய மொழியின் 'லோஃபெல்', டச்சு மொழியின் 'லேபல்' ஆகிய இரண்டும் நக்கிக் குடித்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்தவை. அரபு மொழியின் 'மில்அக' என்பதும் 'நக்கினான்' என்று பொருள்படும் 'லஇக' என்னும் வினையடியிலிருந்தே அமைந்தது. ஜெர்மானியமும் அரபும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒன்றிடமிருந்து மற்றொன்று இச்சொல்லைக் கடன் பெறவும் இல்லை. ஆயினும் இரண்டும் நாக்கின் தொழிலையே பெயராக்கின.

இன்னும் சில மொழிகள் உடலுறுப்பை நோக்கின. எபிரேயத்தில் உள்ளங்கைக்கும் கரண்டிக்கும் 'கஃப்' என்பது ஒரே சொல். குவித்த கையே மனிதனின் முதற்கரண்டி என்பதை அம்மொழி இன்றளவும் நினைவில் வைத்திருக்கிறது.

சீனத்தில் பொருள் நகர்ந்த வழி வேறு. சூப்பு உண்ணும் கரண்டியாகிய 'தாங்ச்சி' என்னும் சொல்லின் இறுதியில் வரும் எழுத்தே, சாவியைக் குறிக்கும் 'யாவ்ஷி' என்னும் சொல்லின் இறுதியிலும் எழுதப்படுகிறது. சப்பானியர் அவ்வெழுத்தைக் கொண்டு எழுதும் 'சஜி' என்பதும் கரண்டியே. 'சஜியை எறிதல்' என்றால் முயற்சியைக் கைவிடுதல். இனி மருந்தால் பயனில்லை என்று கண்ட மருத்துவர், மருந்து கலக்கும் கரண்டியை எறிந்துவிடுவதிலிருந்து பிறந்த மரபுத்தொடர் இது.

சுவை அறியாத அகப்பை

இனி நம் பக்கம் வருவோம். மேலே கண்ட பெயர்கள் பலவற்றில் கரண்டி உண்பவரின் கையில் இருக்கிறது; அவர் வாய்க்குச் செல்கிறது. தமிழர் உணவு முறையில் உண்பவரின் கருவி கையே. கரண்டி சமைப்பவரிடமும் பரிமாறுபவரிடமும் இருந்தது. கையால் உண்ண இயலாத பச்சிளங்குழந்தைக்கு மட்டும் நாம் சங்கால் பால் புகட்டினோம். உரோமானியர் நத்தை ஓட்டைப் பெயரில் வைத்ததைப் போலவே, உலோகத்தால் செய்த பின்னரும் நாம் அதைச் சங்கு என்றே அழைக்கிறோம். ஆனால் அங்கும் கருவி தாயின் கையில்தான் இருந்தது.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். நம் இலக்கியத்தின் புகழ்பெற்ற உவமை ஒன்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். அறிவுடையோரோடு வாழ்நாளெல்லாம் பழகினாலும் அறிவிலி அறத்தை உணரான்; அகப்பை குழம்பிலேயே கிடந்தாலும் அதன் சுவையை அறியாதது போல என்பது அவ்வுவமை. மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் கிருபர் அசுவத்தாமனிடம் இதைக் கூறுகிறார். அங்குள்ள வடசொல் 'தர்வீ'. பாலி மொழியில் அமைந்த தம்மபதத்திலும் இதே உவமை உண்டு. அங்கு அச்சொல் 'தப்பீ' எனத் திரிந்து நிற்கிறது. தமிழில் சமண முனிவர் பாடிய நாலடியார், அருளோடு சொல்லப்படும் அறவுரையை இகழும் அறிவிலியைப் பாற்கூழின் சுவை உணராத 'மூழை'க்கு ஒப்பிடுகிறது. பிற்காலத்தில் சித்தர் சிவவாக்கியர், புறவழிபாட்டை மறுத்துப் பாடும்போது, கறியின் சுவையை அறியாத 'சட்டுவத்தை'ச் சுட்டுகிறார்.

வைதிகம், பௌத்தம், சமணம், சித்தர் நெறி என ஒன்றோடொன்று வாதிட்ட நெறிகள் அனைத்தும் ஒரே அடுக்களைக் கருவியைக் கையாண்டுள்ளன. ஒவ்வொன்றும் தன் காலத்து வழக்குச்சொல்லைப் பெய்துகொண்டது. கருவி ஒன்றே, சொற்கள் தர்வீ, தப்பீ, மூழை, சட்டுவம் என மாறின. 'கரண்டி என்றால் உண்ணும் கருவி' என்று மட்டுமே அறிந்த மாணவருக்கு இவ்வுவமை முழுமையாக விளங்காது. பிறருக்கு வாரி வழங்கியும் தான் ஒன்றும் பெறாத பரிமாறும் அகப்பையை மனத்திற்கொண்டால்தான் அதன் கூர்மை புலப்படும்.

தமிழ்ச் சொற்களின் குடும்பம்

மூழையும் சட்டுவமும் இன்று பெரும்பாலும் நூல்களில் வாழ்கின்றன. களி கிண்டும் மரக்கருவியாகிய 'துடுப்பு', படகு செலுத்தும் கருவிக்கும் பெயராயிற்று. உலையையும் நீரையும் கலக்கும் வினை ஒன்றாய் இருந்தமையால் பெயரும் ஒன்றாயிற்று. 'கரண்டி' என்பது அடுக்களையோடு நிற்காமல், கொத்தனார் சுண்ணமும் சிமெண்டும் பூசும் கருவியையும் குறிக்கிறது. தெலுங்கின் 'கரிடெ' அதன் உறவுச்சொல்.

'அகப்பை' என்பது தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிச் செய்த கருவிக்குச் சிறப்பாக வழங்கிய பெயர். மலையாளத்தில் இது 'அகப்ப' எனப்படும். சிரட்டைக் கருவிக்கு அம்மொழியில் 'கயில்' என்ற பெயரும் உண்டு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இச்சொல்லைப் பதிவு செய்துள்ளது. நான் 'தோட்டத்துப் பேச்சு' என்று ஒதுக்கிய சொல் இதுதான்.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது அனைவரும் அறிந்த பழமொழி. 'சட்டியில்' என்பது 'சஷ்டியில்' என்பதன் திரிபு என்றும், 'அகப்பை' என்பது அகம், பை எனப் பிரிந்து கருப்பையைக் குறிக்கும் என்றும், சஷ்டி விரதம் இருந்தால் மகப்பேறு உண்டாகும் என்பதே பழமொழியின் உண்மைப் பொருள் என்றும் ஒரு விளக்கம் பரவலாக வழங்குகிறது. விரதத்தின்மீது ஒருவர் கொண்டுள்ள பற்றைப் பற்றி நான் பேசவில்லை. சொல்லின் வரலாற்றைப் பற்றியே பேசுகிறேன். சட்டியும் அகப்பையும் அடுக்களையில் இணைபிரியாதவை. உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்னும் கருத்து, எதையும் திரிக்காமலேயே அப்பழமொழியில் நிறைவாக உள்ளது. ஒரு சொல்லை நம் விருப்பப்படி பிரித்துப் பொருள் காண்பது சுவையான விளையாட்டு. இனமொழிகளில் அச்சொல் எவ்வாறு வழங்குகிறது, பழைய நூல்களில் எப்பொருளில் வந்துள்ளது என்று பார்ப்பதே ஆய்வு. மாணவரிடம் முன்னதைக் கூறலாம். ஆனால் அது விளையாட்டு என்றும் சேர்த்துக் கூற வேண்டும்.

மலாய் மண்ணில்

நாம் வாழும் மண்ணின் மொழியாகிய மலாய், நமக்கு அரியதோர் ஒப்புமையைத் தருகிறது. சமைப்பவரின் அகப்பைக்கு மலாயில் 'செண்டோக்' என்று பெயர். உண்பவரின் கரண்டிக்கு 'சூடு' என்று பெயர். தமிழ் எழுத்தில் இது வெப்பத்தைக் குறிக்கும் சூடு போலத் தோன்றினும் இரண்டுக்கும் உறவில்லை. ஒலியொற்றுமை மட்டும் உறவாகாது என்பதற்கு இதுவே நல்ல சான்று. வாத்து தன் தட்டையான அலகால் இரையை அள்ளுவதற்கும் மலாயில் இதே சொல் வினையாக வரும். கோழி கொத்தவும் வாத்து அள்ளவும் விரும்பாதது என்று, எவருக்கும் வேண்டாத பொருளை மலாய்ப் பழமொழி சுட்டும். இந்தோனேசியத்திலோ 'செண்டோக்' என்பதே உண்ணும் கரண்டிக்கும் பொதுவாக வழங்குகிறது. ஒரே வேரில் கிளைத்த இரு மொழிவழக்குகளுக்குள்ளும் சொல்லின் எல்லை வேறுபடுவதைக் காண்கிறோம்.

படமெடுத்தாடும் நல்ல பாம்பை மலாய் மக்கள் 'தெடுங் செண்டோக்' என்கின்றனர். விரிந்த படம் அகப்பை முகம் போல் இருப்பதால் வந்த பெயர் இது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, படமுள்ள பாம்பு வகையைத் 'தர்வீகரம்' என்று வகுத்தது. நாம் மேலே கண்ட அதே 'தர்வீ'தான் இதன் முதற்பகுதி. கடல் கடந்த இரு மொழிகள் பாம்பின் படத்தில் அகப்பையையே கண்டன.

சிறு கரண்டிக்கு மலாயில் 'சம்ச்சா' என்னும் சொல்லும் உண்டு. பாரசீகத்திலும் இந்தியிலும் வழங்கும் 'சம்ச்சா' கப்பலேறி வந்த வடிவம் அது. இந்திப் பேச்சுவழக்கில் இது அதிகாரமுள்ளவருக்கு முகமன் கூறித் திரிபவரையும் குறிக்கும். அத்தகையவரைத் தமிழில் நாம் 'ஜால்ரா' என்போம். அங்கே கரண்டி, இங்கே தாளம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மேசை உணவுமுறை பரவியபோது தமிழ் புதுச்சொற்களை ஆக்கிக்கொண்டது. 'முள்கரண்டி' என்னும்போது, குழிவே இல்லாத கருவியையும் கரண்டிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டோம். மலாய் மொழி அதே கருவிக்குப் போர்த்துகீசியரின் 'கார்ஃபோ'வை ஏற்று 'கார்ஃபு' என்றது. மருந்துப் புட்டிகளோடும் சமையற்குறிப்புகளோடும் வந்த 'தேக்கரண்டி' இன்று 5 மில்லிலிட்டர் அளவைக் குறிக்கிறது. அதன் முதற்பகுதியாகிய 'தே', ஹொக்கியன் சீனத்தின் 'தே' என்பதிலிருந்து உலகெங்கும் பரவிய சொல். சீன மொழியில் 'சாச்சி', மலாயில் 'சூடு தே', ஆங்கிலத்தில் 'டீஸ்பூன்', தமிழில் 'தேக்கரண்டி' என, இவ்வட்டாரத்தின் நான்கு மொழிகளும் இச்சிறு கருவிக்குத் தேநீரையும் கரண்டியையும் இணைத்தே பெயரிட்டிருக்கின்றன. மாணவர்களுக்குச் சொல்லாக்கம் கற்பிக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வகுப்பறைக்குச் சில சொற்கள்

கரண்டி என்ற சொல்லை விலக்குங்கள் என்று நான் கூறவில்லை. அது நல்ல தமிழ்ச்சொல். வீட்டில் 'ஸ்பூன்' என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டா. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் உண்டு என்னும் பட்டியலையே நான் மறுக்கிறேன். 'ஸ்பூன்' என்பதன் எல்லைக்குள் தமிழை அடைக்கும்போது அகப்பையும் துடுப்பும் சட்டுவமும் மூழையும் வெளியே நின்றுவிடுகின்றன. ஒரு தலைமுறை அவற்றைச் சொல்லாமல் விட்டால், அடுத்த தலைமுறைக்கு நாலடியாரின் உவமைக்கு உரை தேவைப்படும். அதற்கடுத்த தலைமுறைக்கு உரைக்கும் உரை தேவைப்படும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பட்டியலில் இல்லாத சொல்லை எழுதினால், அடிப்பதற்கு முன் "இதை யாரிடம் கேட்டாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். பாட்டியிடம் கேட்டேன் என்று அப்பிள்ளை சொல்லக்கூடும். மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள கருவிகளுக்குப் பெரியவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு, தேதியிட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பேரகராதியும் அப்படித்தான் தொடங்கியது.

அன்று அச்சிறுமி அழித்த சொல்லை என்னால் மீண்டும் அவள் தாளில் எழுத இயலாது. அவள் இன்று எங்கிருக்கிறாள் என்பதையும் அறியேன். அறநூல்கள் சொன்ன மூழையைப் போல், சொற்களுக்கிடையே கிடந்தும் அவற்றின் சுவை அறியாதவனாக அன்று நான் இருந்தேன். அந்நிலை உங்களில் ஒருவருக்கும் வராமல் இருக்கவே இவற்றைச் சொன்னேன்.