ஃபெரலும் நம்ம இனம்தான்

காற்றோட்டப் படத்தில் ஹாட்லி, ஃபெரல் என்று இரண்டு பெயர் வருமே, மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த ஃபெரல் ஒரு பள்ளி வாத்தியார் என்று சொல்லிப் பாருங்க!

1735இல் லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹாட்லி, வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசக் காரணம் சொன்னார். நிலநடுக்கோட்டில் சூடான காற்று மேலெழும். அங்கே வந்து சேரும் காற்று, வேகமாகச் சுழலும் தரைக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். சரிதான். ஆனால் 30 பாகையருகே காற்றழுத்தம் ஏன் கூடுகிறது, 60 பாகையருகே ஏன் குறைகிறது? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வில்லியம் ஃபெரல் அமெரிக்க விவசாயக் குடும்பத்துப் பையன். கொட்டகைக் கதவில் வைக்கோல் வாரும் கவைமுள்ளால் வடிவியல் படம் கீறிப் படித்தவர். நாஷ்வில்லில் ஆசிரியராக இருந்தபோது, கடற்படை அதிகாரி மோரி எழுதிய கடல் புவியியல் நூலைப் படித்தார். பல விளக்கங்கள் அவருக்கு ஒப்பவில்லை. நண்பர் மதிப்புரைதான் கேட்டார். இவரோ தனிக் கட்டுரையே எழுதிவிட்டார். 1856இல் அதை வெளியிட்டது ஒரு மருத்துவ இதழ்! அரைக்கோளத்துக்கு மூன்று சுழற்சி என்ற படம் அதில் வந்ததுதான்.

ஒன்று மட்டும் கவனிக்கணும். நடு வளையத்தில் அன்றாடம் நடப்பது நகரும் புயல்களின் ஆட்டம். சராசரி எடுத்தால்தான் ஃபெரலின் வளையம் தெரியும். பாடப்படத்து அம்புக்குறிகள் இதைச் சொல்வதில்லை.